இலவசக் குப்பை வாரம்

மூன்றாவது சோபா கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. மணி எட்டு. வங்கியின் மதிப்பீட்டாளர் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நெவில் உள்ளிருந்து தள்ளினார். லூபே வெளியிலிருந்து இழுத்தாள். வீடு நெவிலுடையது. வாடகைக்கு இருப்பவள் லூபே. சோபாக்களை விட்டுச் சென்றவன் அவளுடைய அண்ணன். அடைசலாக இருந்தால் வீடு சின்னதாகத் தெரியும் என்று நெவில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடகையில் ஐம்பது டாலர் குறைப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் லூபே சோபாவில் கை வைத்தாள்.

பேருந்து ஓட்டுநர் சம்பளத்தில் வாங்கிய வீடு. பழைய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. வாடகை போதாமல் மாதம் எண்ணூறு டாலர் கையிலிருந்து போயிற்று. வட்டி குறைந்த வேறொரு வங்கி கடனை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. வீடு ஐந்து லட்சத்து எண்பதாயிரம் பெறும் என்று மதிப்பீட்டாளர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

குப்பை லாரிக்கு முந்நூறு டாலர் கேட்டார்கள். நெவில் கொடுப்பாரா? நகராட்சி பழைய சாமான்களை வாசலிலிருந்தே இலவசமாக எடுத்துப்போகும் வாரம் அது. சோபாக்கள், நனைந்த கம்பளம், கதவில்லாத அலமாரி, ஓடாத வாஷிங் மெஷின் எல்லாம் வேலிக்கு வெளியே புல்லில் குவிந்தன.

நெவில் உள்ளே போய்ப் பார்த்தார். கூடத்தில் எதிரொலி கேட்டது. நெவிலுக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்தபோது பொறுக்குகிறவர்கள் வந்திருந்தார்கள். குப்பை வாரத்தில் இப்ஸ்விச் ஊர் முழுக்க இவர்கள்தான். ஒரு பெண் மேஜை விளக்கைப் போட்டோ எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் விளக்கைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போனாள். ஒருவன் மெஷினைப் பிரித்துச் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டான். குவியல் பக்கத்து வீட்டு வாசல் வரை பரவியது.

நெவில் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினார். அடுத்த வண்டி வந்து கலைத்தது. மணி ஒன்பது.

நாலாவது ஆள் அலமாரியைப் புரட்டியபோது நெவிலுக்கு அந்த யோசனை வந்தது.

"தொடாதீங்க பாஸ். கரையான்."

அவன் கையை உதறிக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

இவ்வளவு சுலபமா? நெவில் ஓர் அட்டையைக் கிழித்து, கரையான் என்று கொட்டை எழுத்தில் எழுதி, தெருவைப் பார்த்து நிறுத்திவைத்தார். மதிப்பீட்டாளர் தலை தெரிந்ததும் அட்டையை எடுத்துவிடலாம்.

லூபே படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "ஏன் நெவில், இந்த வீட்ல கரையான் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. வருஷா வருஷம் ஆளக் கூப்பிட்டு மருந்து அடிக்கிறேன். அதுல மட்டும்தான் நான் கஞ்சத்தனம் பண்ணல."

"அதான் எனக்கும் புரியல."

இரண்டு வண்டிகள் மெதுவாக வந்து, அட்டையைப் பார்த்து, வேகமாகப் போயின. மூன்றாவது, ஒரு சின்ன வெள்ளைக் கார், நின்றுவிட்டது. இறங்கியவர் குவியலைப் போட்டோ எடுத்தார். அட்டையையும் எடுத்தார். பெண்டாட்டிக்கு அனுப்புகிறார் போல. மணி ஒன்பதரை. மதிப்பீட்டாளர் வருகிறாரா என்று நெவில் தெருக்கோடியைப் பார்த்தார்.

"இதெல்லாம் இந்த வீட்டுச் சாமானா?" என்றார் அவர்.

"என் வீட்டுதுதான். அள்ளிட்டுப் போனா உங்க வீடும் போயிடும்."

"சாமான்ல மட்டுமா, வீட்லயுமா?"

விடாக்கண்டன் என்று நினைத்துக்கொண்டார் நெவில். கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

"கூரை உத்தரம் வரைக்கும் ஏறிடுச்சு. சுவத்துல ஆணி அடிக்கவே பயமா இருக்கு."

"எத்தன நாளா?"

"வாங்கினதுலேருந்தே. விடிஞ்சா எது விழுந்திருக்கோன்னுதான் எந்திரிக்கிறேன்."

அவர் மிகவும் வருத்தப்பட்டார். நன்றி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வண்டியும் நிற்கவில்லை.

மணி பத்து. நெவில் அட்டையைக் கிழித்துப் போட்டார். பழைய படுக்கை விரிப்பால் குவியலை மூடினார். தலையை வாரிக்கொண்டார். மணி பதினொன்று. யாரும் வரவில்லை. லூபே வேலைக்குக் கிளம்பும்போது ஐம்பது டாலரை நினைவுபடுத்தினாள். மணி ஒன்று. அவர் வாசலை விட்டு நகரவில்லை.

மூன்று மணிக்குப் புதுக் கடனை ஏற்பாடு செய்துகொண்டிருந்த தரகன் ட்ரென்ட் போன் செய்தான். மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்துவிட்டதாம்.

"ஆளே வரலியே. காலைலேருந்து நான் வாசல்லதான் நிக்கிறேன்."

ட்ரென்ட் அறிக்கையை மறுபடி படித்துப் பார்த்தான்.

"இந்த மாதிரிக் கடனுக்கு அவங்க உள்ள வர்றதில்ல, தெருவுல நின்னே பாத்துட்டுப் போயிடுவாங்க. மூணு லட்சம்தான் போட்டிருக்காரு நெவில், ஆனா உங்கள மாதிரி நேர்மையான வீட்டுக்காரர அவர் சர்வீஸ்லயே பாத்ததில்லயாம்."