விரத நாளில் வந்த நெஞ்சுவலி

தைப்பூச விரதம் தொடங்க வேண்டிய காலையில் என் வீட்டுக்காரர், "ஐயோ ருக்கு, நெஞ்சு!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது! மடியில் ஐந்து மாதக் குழந்தை. என் பிரசவம் நல்லபடி முடிந்தால் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர் இவர். கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பேனாவைத் தவிர எதையும் தூக்காத கை.

"டாக்டரைக் கூப்பிடவா?"

"வேணாம், வேணாம்! விரதமும் காவடியும் மட்டும்தான் இந்த நெஞ்சு தாங்காது. மீன் பொரியல் தாங்கும்."

முருகன் படத்தின் முன் விழுந்தேன். அழுத அழுகையில் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். பிறகுதான் கான்வென்ட் சிஸ்டர் நடத்திய நர்சிங் பாடம் ஞாபகம் வந்தது. நோயாளியை முதலில் பார், அப்புறம் அழு என்பார் அவர். பார்த்தேன்.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி, சம்பள நாள் கிராணிபோல் உற்சாகமாக நடந்தது. உதட்டில் நீலமில்லை, வெற்றிலைச் சிவப்பு. வீக்கம் இருந்தால் குழி விழுமே என்று கணுக்காலை அமுக்கினேன்.

"ஏய், கூசுது!"

"வலி எங்கேங்க?"

"இங்கேதான்." கை வலது மார்பில் இருந்தது.

"மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா?"

"ரொம்ப!"

மத்தியானம் மல்லாந்து படுத்து அவர் விட்ட குறட்டையில் குழந்தை வீரிட்டது. எனக்கோ ஆனந்தம்! குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்கா ஓடி வந்தாள்.

"என்னடி ருக்கு, சிரிக்கிறியா அழுவுறியா?"

"ரெண்டும்தான்க்கா. அவருக்கு ஒண்ணும் இல்லே!"

"பொய்யா? சும்மா விடாதே லா!"

"விடுவேனா? நெஞ்சு நோயாளியாச்சே. பணிவிடை செய்யணுமில்ல?"

செய்தேன். சுருட்டு பறந்தது. கோப்பி பறந்தது. உப்பில்லாக் கஞ்சி வந்தது. முதுகுக்கு நாலு தலையணை. அசையக்கூடாது. சீட்டாட வந்த ஜபருல்லா அண்ணனை வாசலோடு அனுப்பினேன். "ஜெயிச்சா நெஞ்சு அடிச்சுக்கும் அண்ணே. தோத்தா நின்னுடும்." அக்கா வீட்டு மீன் பொரியல் வாசனை மட்டும் தடையில்லாமல் வந்து போனது.

மூன்றாம் நாள் தலையணைகளைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ருக்கு, குணமாயிடுச்சு!"

"விரதம் இருந்து, காவடி தூக்கி, மலை ஏறுற அளவுக்கா?"

கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். "ஏறுறேன் தாயே, ஏறுறேன்! விரதச் சோத்துல உப்பாவது இருக்குமே. முதல்ல ஒரு கோப்பி கொடு."

கொடுத்தேன். பாதி குடித்ததும் சொன்னேன். "முருகன் கைவிடலைங்க. உங்க நெஞ்சு குணமானா மூணு வருஷம் நீங்க காவடி எடுப்பீங்கன்னு அன்னைக்குப் பயத்துல வேண்டிக்கிட்டேன்."

"இந்த வருஷத்தையும் சேர்த்துத்தானே?"

"அது என் பிரசவத்துக்கு. நெஞ்சுக்கு அடுத்த வருஷத்துலேருந்து."

கோப்பியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை இடது பக்கம்.