ஜெனரல் விருந்துக்கு வந்த கதை

ஜெனரல், இந்த டண்டினொங் ஊரில் உங்களைப் போலச் சந்தேகம் பிடித்த மனிதர் வேறு ஒருவரும் இருந்ததில்லை. மழை பெய்தால், யார் பெய்யச் சொன்னது என்று கேட்கிற ஆள் நீங்கள்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜெனரல் ஒரு சீனக் கிழவர். நான் வேலை செய்கிற அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கேற் காவலாளி. ஜெனரல் என்பது நாங்கள் வைத்த பட்டம், உண்மையான பெயரை ஒருவரிடமும் சொன்னதில்லை. "பேர் தெரிஞ்சால் கூப்பிடுவாங்கள்" என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அவர் பேசியதை என் தமிழில்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே என்னைப் பிடித்துவிட்டார். பையில் புட்டுக் குழல் இருந்தது. அதில் ஓட்டை, வெல்டிங்காரனிடம் அடைக்கக் கொண்டுபோனேன்.

"இது பீரங்கி."

"இல்லை ஐயா, புட்டு அவிக்கிறது."

"எவ்வளவு தூரம் போகும்?"

வாசல் காப்பது அவருக்குப் பழைய தொழில். சீனாவில் அரசர் போய்க் குடியரசு வந்த பிறகு, மாகாணத்துக்கு ஒரு படைத்தலைவன் தன்பாட்டில் ராச்சியம் நடத்தினானாம். அப்படி ஒருவருக்கு இவர் இளவயதில் மெய்க்காவலன். அந்தத் தலைவர் காலையில் ஒருவர் பக்கம், பின்னேரம் அவருடைய எதிரி பக்கம். அதனால் படையாட்கள் கையில் கட்டும் துணி ஒரு புறம் சிவப்பு, மறுபுறம் வெள்ளை. சண்டை நடுவில் தலைவர் மனம் மாறினால் திருப்பிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மழை வந்தால் இரண்டு படையும் குடை விரித்துக்கொண்டு திரும்பிவிடும். வரி பிடிப்பது மட்டும் மழைக்கு நிற்காது. இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளின் வரியையும் சேர்த்தே வாங்குவார்களாம்.

"நல்ல மனுசரோ?" என்று கேட்டேன்.

"கள்ளன். ஆனா எங்களுக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர்."

எண்பத்துநாலாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். இந்த நாட்டில் எனக்கும் சொந்தம் இல்லை, அவருக்கும் இல்லை. என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற ராசன் அண்ணைதான் சமையல். யார் யார் வருகிறார்கள், குசினிக்கு எத்தனை கதவு, தன்னை ஏன் கூப்பிடுகிறேன் என்று ஜெனரல் நாள்கணக்காக விசாரித்தார்.

"நீங்கள் எனக்குத் தகப்பன் மாதிரி" என்றேன்.

முகம் இன்னும் இருண்டது.

ஆனாலும் வந்தார். இந்த நாட்டில் தை என்றால் நடுக்கோடை. கொதிக்கிற வெயிலில் கம்பளிக் கோட்டோடு வந்து ஜன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். விருந்தாளிக்குத்தானே முதலில் போட வேண்டும்? பொங்கல், வடை, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ராசன் அண்ணையும் அகப்பையோடு நின்றோம்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ?"

"முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.

"நீங்கள் எப்ப?"

"எல்லாம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார் ராசன் அண்ணை, அகப்பையை ஓங்கி.

எழுபது வயது மனிதர். ஜன்னலால் குதித்து, வீட்டுச் சொந்தக்காரியின் ரோசாச் செடிகளை மிதித்து, வேலிக்கு மேலால் போய்விட்டார்.

ராசன் அண்ணை குழம்பை நக்கிப் பார்த்தார். "உறைப்புக் கூடிப்போச்சோ?"

அதற்குப் பிறகு ஜெனரல் என்னோடு பேசவில்லை. கேற்றில் என் சப்பாத்துக்குள்ளும் தேடினார். இந்த ஊரில் என்னைப் பார்த்து "வந்திட்டியோ" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அந்தச் சொல் இல்லாமல் வேலைக்குள் போக முடியவில்லை. ஒருநாள் வழியை மறித்து, நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன்.

அவருடைய தலைவர் செத்ததே ஒரு விருந்தில்தானாம். சகோதரன் என்று சத்தியம் செய்த இன்னொரு படைத்தலைவன் கூப்பிட்டானாம்.

"கூப்பிட்டவன் ஒரு வாயும் தின்னேல்லை. தான் நிண்டு பரிமாறினவன். எங்களுக்கும் வெளியில இறைச்சி தந்தவன். நாங்கள் தின்னேக்கை உள்ளுக்குச் சுட்ட சத்தம்."

அடுத்த நாள் மத்தியானம் அவருக்கு முன்னால் இருந்து என் புட்டில் பாதியைத் தின்றேன். மிச்சத்தை நீட்டினேன். பெரியவருக்கு எச்சில் கொடுக்கக்கூடாதுதான். நான் சாகிறேனா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாகவில்லை. பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார்.

"தேங்காய் காணாது, இன்னும் போடு" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சாப்பாட்டுப் பெட்டிதான்.

போன மாதம் நித்திரையிலேயே போய்விட்டார். வெள்ளிக்கிழமை வீட்டில் அவருக்குப் படைத்தோம். படைக்க முன்னம் ஒருவரும் வாய் வைக்கக்கூடாது. நான் எடுத்து ஒரு வாய் தின்றேன்.

"டேய், என்னடா செய்யிறாய்?" என்றார் ராசன் அண்ணை.

"இல்லாட்டி அவர் தொடமாட்டார், அண்ணை."

அண்ணை தானும் ஒரு வடையை எடுத்தார். "அப்ப நானும் தின்னுறன். அவருக்கு என்னிலதான் கூடச் சந்தேகம்."

உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஜெனரலுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே சாமி உள்ளே வரச்சொன்னால் அவர் உடனே போகமாட்டார். கோபிக்காமல் இன்னும் ஒருதரம் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.