மதினிக்கு முளைத்த பாதி மீசை

ஓரம் கோணலாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டிங் மெஷினில் நிற்கிறேன். காலண்டரோ, பட்டாசுப் பெட்டி லேபிளோ, நாலு பக்கமும் ஓரம் நறுக்காமல் ஒரு தாளை வெளியே விட்டதில்லை. வீட்டில் தோசை ஓரம் பிய்ந்திருந்தால் அதையும் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன். (நறுக்கிய துண்டையும் சாப்பிட்டுவிடுவேன். எதையும் வீணாக்கக் கூடாது, பிள்ளைகளே.) இந்தப் பழக்கத்தால் என் மதினிக்கு மீசை முளைத்த கதை இது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி பேச்சியம்மாள். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி அடைக்கும் வேலை. என் மனைவியும் அங்கேதான். முப்பது வருடம் உழைத்த மதினி வேலையை விட்டு நிற்கப்போகிறார் என்றதும், கூட இருப்பவர்கள் பரிசு கொடுக்க நினைத்தார்கள். குத்துவிளக்கு என்றார்கள், சுவர்க்கடிகாரம் என்றார்கள்.

"அதெல்லாம் வேணாம். நாம எல்லாரும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ போதும்" என்றார் மதினி.

ஆலைக்குள் செல்போன் கூடாது; வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் முப்பது வருடத்தில் அங்கே அவரை எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது.

"நான் எடுத்துத் தாரேன் மதினி. யாரும் பாத்திருக்க மாட்டாக, அப்படி ஒரு படம்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இந்தத் தைரியத்துக்குக் காரணம், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் தேவி. அந்த வாரம்தான் எனக்கு ஒரு வித்தை காட்டியிருந்தாள். செல்போனோடு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எடுத்தால், ரிப்பன் போல நீளமாக ஒரு படம் வரும். கம்ப்யூட்டரில் அதைச் சதுரமாக இழுத்து, தலைகீழாகத் திருப்பி, வளைக்கச் சொன்னால், இரண்டு முனையும் வளையல் போல ஒட்டிக்கொள்ளும். தரை நடுவில் உருண்டையாகிவிடும். வானம் வெளியே போய்விடும். மரமும் வீடும் ஆட்களும் அந்தக் குட்டி உலகத்தைச் சுற்றி, சங்குசக்கரத்தின் பொறி மாதிரி நிற்பார்கள். எங்கள் மொட்டைமாடியை அவள் அப்படி ஆக்கியபோது தண்ணீர்த் தொட்டி மலை போல நின்றது. கொடியில் காய்ந்த என் பனியன் அந்த உலகத்தின் கொடியாகப் பறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலை வாசலுக்கு வெளியே இருந்த பொட்டலில் நாற்பது பேரை வட்டமாக நிறுத்தினேன். அங்கே ஒரு சிக்கல் வந்தது. போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் மதினியும் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டாசு வேலைக்குப் பருத்திச் சேலைதான் கட்டிவர வேண்டும்; நைலக்ஸ் உரசினால் பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். ஒருநாள் அவசரத்தில் மதினி நைலக்ஸ் சேலையில் வந்துவிட, அண்ணாச்சி அத்தனை பேர் முன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். ஆனாலும் மதினிக்கு அது ஆறவில்லை.

"அந்த ஆளு பக்கத்துல நான் நிக்க மாட்டேன்."

"நீங்க மொத ஆளு மதினி, அவுக கடைசி ஆளு. நடுவுல எம்புட்டுப் பேரு இருக்காக, பாருங்க."

வட்டத்தில் முதல் ஆளுக்குப் பக்கத்தில் நிற்பதே கடைசி ஆள்தான் என்பது, எல்லோரும் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. (வட்டமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எட்டாவது வரை போனவன்.) மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் அவரிடம் ஆரம்பித்து, மெதுவாகச் சுற்றி, அண்ணாச்சியிடம் வந்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள் தேவி.

"அப்பா, எதையும் தொட்டுறாதீக. டியூசன் போயிட்டு வந்து நான் பாக்குறேன்."

அவள் தெருமுனை தாண்டும்வரை தொடவில்லை. திரையில் அந்த நீளப் படத்தின் இரண்டு முனையும் கோணல்மாணலாக இருந்தன. இருபது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா. இந்தப் பக்கம் ஒரு நறுக்கு, அந்தப் பக்கம் ஒரு நறுக்கு. ஆட்கள் திரையில் தீக்குச்சி அளவுதான் தெரிந்தார்கள். பிறகு தேவி சொன்னபடி இழுத்து, திருப்பி, வளைத்தேன். ஆலை வாசலை மேலே வைத்தேன். ஒட்டிய இடம் அடியில், தலைகீழாகப் போய்விட்டது. உருண்டை அத்தனை அழகு. அன்றைக்கே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

மதினியின் கடைசி வேலைநாள் மாலை, வாசலுக்கு வெளியே வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். தன்னைத் தேட ஆளாளுக்குச் சட்டத்தை ஸ்டியரிங் மாதிரி திருப்பினார்கள். கடைசியில் மதினி கைக்கு வந்தது. அவரும் திருப்பினார். மறுபடியும் ஒரு சுற்றுத் திருப்பினார்.

"எல்லாரும் இருக்கீக. நான் எங்க?"

என் மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, இது யாரு?"

ஒரே ஆள். பாதிக்குச் சேலை, பாதிக்கு வேட்டி. ஒரு காதில் கம்மல். உதட்டுக்கு மேலே பாதி மீசை. நான் நறுக்கியது மதினியின் ஒரு பாதியையும் அண்ணாச்சியின் ஒரு பாதியையும். மீதிப் பாதிகள் இரண்டும் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் பேசாத இருவரும் ஓர் உடம்பாக நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மதினியின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்துக்குக் கேட்டது ஒரே ஒரு படம். அதிலும் அவரைப் பாதியாக்கிவிட்டேன். "மதினி, வேற போட்டுத் தாரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, படத்துக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"என்ன அண்ணாச்சி பாக்கீக?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல தாயி. கட்டியிருக்கிற சேலை பருத்திதானான்னு பாக்கேன்."

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நேராக அவரிடமே சொன்னார்:

"பருத்திதான். உள்ள விடுங்க."

அப்புறம் அந்த வாசலில் எழுந்த சிரிப்பில் காவல்காரர் ஓடி வந்தார்.

அன்றிரவே தேவி, செல்போனில் இருந்த நறுக்காத படத்தை எடுத்து, முழு மதினியோடு வேறு படம் செய்துவிட்டாள். மதினி அதை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். சுவரில் தொங்குவது என்னவோ பழையதுதான், அதுவும் அந்த மீசை ஆள் நேராக நிற்கும்படி தலைகீழாக. அவர் வீட்டில் யாரையாவது அதட்டினால் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்: "ஆச்சி, இது சேலைப் பக்கமா, மீசைப் பக்கமா?"

நான் போனால் மட்டும், தட்டில் தோசையை வைத்துவிட்டு ஓரத்தைக் காட்டிச் சொல்வார்:

"கொழுந்தனாரே, யாரும் நிக்காகளான்னு பாத்துட்டுப் பிய்யுங்க."