வெளியிலிருந்து வந்த தண்ணீர்

மூன்று முறை படித்த பிறகும் கடிதத்தில் "இயலாது" என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. தையல்காரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, போட்டுக்கொண்டு நாலாவது முறை படித்தாள்.

"எஞ்சின் ஆயிலில் வெளியிலிருந்து தண்ணீர் கலந்துள்ளது. இது தயாரிப்புக் குறை அல்ல. ஆகவே வாரண்டியின் கீழ் வேறு எஞ்சின் வழங்க இயலாது."

"வெளியிலேருந்துன்னா எங்கேருந்து? லாரி என்ன ஆத்துல நீந்திப் போச்சா?" என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விட்டுரு" என்றார்.

"எதை விடறது?"

"அதான். கம்பெனிக்காரன் முடியாதுன்னுட்டான். விட்டுரு."

விடுவதற்கு அது பஸ் டிக்கெட் பாக்கிச் சில்லறை இல்லை. அவர் இருபது வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டி, அவள் இருபது வருஷம் அடுத்தவர் துணியைத் தைத்து, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ஒரே லாரி. அவள் பேரில்தான் வாங்கினார்கள். பத்தே மாதம் ஓடியது. சிமெண்ட் மூட்டைகளோடு ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். லாரி இப்போது கம்பெனியின் சர்வீஸ் பட்டறையில் நிற்கிறது. அவர் மறுபடியும் அடுத்தவர் லாரிக்கு டிரைவராகப் போகிறார். ரிவர்ஸ் கியர் போடாமலேயே மனிதர் இருபது வருஷம் பின்னால் போய்விட்டார்.

தையல்காரி எடுத்த துணியைப் பாதியில் வைத்துப் பழகாதவள். அன்றே மிஷினை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தாள். எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் தகடு சரியில்லாமல் தண்ணீர் உள்ளிருந்தே கசிந்திருக்கிறது, ஆகவே குற்றம் கம்பெனியுடையது என்று இரண்டு பக்கம் எழுதினாள். காஸ்கெட் என்ற சொல்லை அவள் அன்று காலையில்தான் தெருமுனை மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். "முன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் குழாயும் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. இதிலிருந்தே தங்கள் கம்பெனியின் லட்சணம் தெரிகிறது."

வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அந்தக் கடைசி வரியில் வெகுநேரம் நின்றார்.

"இந்த வரி வேணாமே."

"ஏன், பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

பதில் வாங்க அவளே பட்டறைக்குப் போனாள். மேனேஜர் டை கட்டிய இளைஞர். அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். எதிராளி மரியாதையாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட வந்தவளுக்கு அது பெரிய இடைஞ்சல்.

"மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

"வண்டி என் பேர்ல இருக்கு. என்கிட்டயே பேசுங்க."

"அதான் மேடம் கஷ்டமா இருக்கு" என்றார் மேனேஜர்.

இன்னொரு ஆளும் அங்கே இருந்தான். லாரியை முதலில் பார்த்த ஃபிட்டர். அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எத்தனையோ டீ குடித்தவன். இப்போது அவள் கேட்டில் காலை வைத்ததும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு நாள் அவசரத்தில், வண்டியை மேலே நிறுத்தி அடியில் வேலை பார்க்கிற பள்ளத்துக்குள், மேலே வண்டியே இல்லாதபோது இறங்கிவிட்டான். அவள் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தாள். அவன் மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்தபடி ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தான்.

எஞ்சினை முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும், குறை இல்லையென்றால் திரும்பக் கோர்ப்பது கம்பெனியின் பொறுப்பில்லை என்றார் மேனேஜர். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிரித்தார்கள். காஸ்கெட் புதுச்சட்டை மாதிரி முழுசாக இருந்தது. எஞ்சின் பதினாலு தட்டுகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. தன் இருபது வருஷத்தைத் தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்தாற்போல அவளுக்கு இருந்தது.

"உள்ளேருந்து வரலைன்னா, இந்தப் பட்டறையிலதான் வந்திருக்கு" என்று வீட்டில் வந்து சொன்னாள். "வண்டியைக் கழுவறப்ப இவங்கதான் உள்ள விட்டிருக்காங்க."

"யாரும் விடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு கையைக் கழுவ எழுந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான். அவள் அவருக்கு வைத்திருக்கும் பேர் ஊமைச்சாமி.

ஃபிட்டரையும் சேர்த்துக் குற்றம் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் பறந்தது. அங்கிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் ஃபிட்டர் தெரியாது என்றே சொன்னானாம். தெரியாத ஃபிட்டர் எதற்கு என்று அவனை எஞ்சின் வேலையிலிருந்து எடுத்து, வண்டி கழுவும் இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

"அவனை ஏம்மா இழுத்தே? பிள்ளைகுட்டிக்காரன்."

"சிநேகிதம் வேற, எஞ்சின் வேற" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் கடிதம் போய்விட்டது.

அடுத்து அவள் சந்தேகம் சிமெண்ட் கிடங்குக்குப் போனது. சொந்த லாரி வாங்கியது பொறுக்காமல் அங்கே எவனோ தண்ணீரை ஊற்றியிருக்கலாம் என்று போலீசுக்கே ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அந்தக் கிடங்கின் லோடு ஏஜெண்ட் போன் செய்தார். லாரி சரியாகி வரும்வரை அவர்களுடைய லோடை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருந்த நல்ல மனிதர்.

"தங்கச்சி, என் ஆளுங்க மூட்டைதான் தூக்குவாங்க. குடம் தூக்க மாட்டாங்க. லாரி வந்தா வேற இடம் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆக, எஞ்சின் தட்டில், சிநேகிதன் குழாயடியில், லோடு அடுத்தவன் லாரியில். ஆறு மாதத்தில் அவள் சாதித்தது இவ்வளவு. வீட்டுக்காரர் இளைத்துப் போனார். அவருடைய சட்டைகளை அவளே இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். தைக்கும்போது மனசு அடித்துக்கொண்டது. அந்த ஆத்திரத்தையும் கம்பெனிக் கணக்கில்தான் சேர்த்தாள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"வேணாம். நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளு. கோர்ட்டு மட்டும் வேணாம்."

"காரணம் சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"இடுப்பு வலிக்குது" என்றார்.

அவள் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கோர்ட் என்றால் பெரிதாக எதையோ நினைத்திருந்தாள். நாலு பெஞ்சு, கிறீச்சென்று சுற்றும் ஒரு மின்விசிறி, மேடை மேல் தலைவர் அம்மா, ஓரத்தில் டைப் அடிக்கிற பெண். மேனேஜர் வந்திருந்தார். சாட்சிக்காக ஃபிட்டரையும் வரவழைத்திருந்தார்கள், குழாயடியிலிருந்து நேராக வந்தவன் போல அவன் பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. வீட்டுக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மேனேஜரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரனைக் கும்பிடுகிற புருஷனைப் பார்க்க அவளுக்கு மானமே போயிற்று.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இதைக் காட்ட வேணாம்னுதான் ஆறு மாசமா இருந்தோம். கேஸ்னு வந்த பிறகு வேற வழியில்லை" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

தலைவர் அம்மா சத்தமாகப் படித்தார். "எஞ்சின் ஆயில் ஊற்றும் துவாரத்தில் நான்தான் தவறுதலாகத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முழுப் பொறுப்பும் என்னுடையது. இதை என் மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. எஞ்சின் நின்றுபோன மறுநாள் தேதி.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மனிதர் ஆறு மாதமாக நடைப்பிணமாகத் திரிகிறார்.

"இது பொய்" என்றாள். "இவங்க பயமுறுத்தி வாங்கின கையெழுத்து."

"அதுக்கு ஆதாரம் இருக்காம்மா?"

"நான்தாம்மா ஆதாரம்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "லாரி நின்னு போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. குனிய முடியாது. ஞாயித்துக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தா கழுவறது, துடைக்கிறது எல்லாம் நான்தான். இவரு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினது கிடையாது."

"மேடம், கொஞ்சம் நில்லுங்க" என்றார் மேனேஜர். கடைசி பெஞ்சிலிருந்து வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "போதும்மா, வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"நீங்க உக்காருங்க. இத்தனை நாள் நீங்க பேசாம இருந்தது போதும்." அவள் மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "முன் கண்ணாடிக்குப் பீய்ச்சற தண்ணிகூட நான்தாம்மா ஊத்துவேன். முன்பக்கத் தகட்டைத் தூக்கினா ஒரு மஞ்சள் மூடி இருக்கும். வாரம் தவறாம ஒரு பாட்டில். தண்ணி பீய்ச்சலைன்னு இவரு சொன்னதும் ரெண்டு பாட்டில். அந்த மஞ்சள் மூடி மேல ரெண்டு மாசமா என் கையைத் தவிர வேற கை பட்டதில்ல. எங்க வேணா சத்தியம் பண்றேன். அப்புறம் இவரு எப்படி ஊத்தியிருக்க முடியும்?"

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஜெயிக்கப் போகிற வக்கீல், ஏனோ தோற்றவர் மாதிரி மெல்ல உட்கார்ந்தார். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த ஆறு மாதத்தில் ஒரு இடத்திலும் அவள் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவளுக்குத் தைரியம் வந்தது. நேராக ஃபிட்டரிடம் திரும்பினாள். அந்த அறையில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஒரு வண்டியும் இல்லை.

"தம்பி, நீ சொல்லு. உங்க அண்ணனா ஊத்தினாரு? யாருக்கும் பயப்படாம உள்ளதைச் சொல்லு."

ஃபிட்டர் முதலில் கடைசி பெஞ்சைப் பார்த்தான். பிறகு ஆறு மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணி, கண்ணாடித் தண்ணிக்கு நீல மூடி, மஞ்சள் மூடி எஞ்சின் ஆயிலுக்கு... இதை உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னுதான் அண்ணன் ஆறு மாசமா எங்க எல்லார் காலையும் பிடிச்சிட்டிருந்தாரு."