பாறையண்ணன் கண்டுபிடித்த ஓட்டை

உலகத்தில் யாரும் கண்ணால் பார்க்காத பாறைகளோடு அத்தனை உரிமையாகச் சண்டை போட்டவர் எங்கள் பாறையண்ணன் ஒருவர்தான். பனச்சமூடு ஜங்ஷனில், வளையல் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ஒரு குளிர்தேசத்துக் கம்பெனி, காலியான எரிவாயு வயலுக்குள் கோடையில் வாயுவை அடைத்து, குளிர்காலத்தில் எடுக்கும். பூமிக்கடியில் அந்த வாயு எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் மாடல் செய்து ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு.

கணக்கு ஓடும்போது அண்ணன் திரையோடு மல்லுக்கட்டுவார். "எலே, அழுத்தம் எங்கல போச்சு? உள்ளதச் சொல்லு மக்கா!" மாடியில் யாரையோ கட்டிவைத்து அடிக்கிறார்கள் என்று வளையல் வாங்க வந்தவர்கள் ஓடியதுண்டு.

ஒருமுறை கணக்கு உதைத்தது. அடைத்த வாயுவுக்கு உண்டான அழுத்தம் வயலில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் மாடலைத் திருத்தாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்றது கம்பெனி. அது போனால் அலுவலகத்துக்குப் பூட்டுதான். நடத்துகிறவன் நான், அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, மாடல்ல பாறையைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டிருவோம். இடம் கூடுனா அழுத்தம் குறையும். கணக்கு தன்னால சேந்துரும். எல்லாரும் செய்யுததுதானே?"

"செய்யட்டும். நாம நீட்டுனா பாறை நீளுமாலே?"

மறுநாள் காலை புட்டுக்கடையில் காத்துக் கிடந்தோம். குடத்தில் தண்ணீர் கொதிக்கிறது, மேலே புட்டுக்குழலின் உச்சியில் ஆவியே இல்லை. அண்ணன் குனிந்து பார்த்தார். குடமும் குழலும் சேருமிடத்தில் சுற்றிய துணி நழுவி, ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"லீக்காக்கும்!" என்று அலறியவர், கடலைக்கறித் தட்டோடு மாடிக்கு ஓடினார். "எனக்க பாத்திரம்!" என்று கடைக்காரர் பின்னால் ஓடினார்.

வெள்ளிக்கிழமை வீடியோ மீட்டிங்கில் அண்ணன் வயல் வரைபடத்தின் வடகோடியில் விரலை வைத்தார். எப்போதோ மூடிய பழைய எரிவாயுக் கிணறு. ஒவ்வொரு கிணற்றிலும் ஓட்டை வைத்து ஓட்டிப் பார்த்ததில், அங்கே வைத்தால்தான் கணக்கு சேர்ந்தது. அதன் சிமென்ட் விட்டுப்போய் வாயு மேல் பாறைக்கு ஏறுகிறதாம். "மை மாடல் கரெக்ட்! யுவர் கிணறு ஓட்டையாக்கும்!"

ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். அதே கிணறு, அதே ஓட்டை! ஒப்பந்தம் தப்பியது. ஜங்ஷனே அதிர வெடி போட்டோம். கூடவே, அங்கேயே பெரிய வேலை தருகிறோம் என்று அண்ணனுக்கு அழைப்பும் வந்தது.

அவர் போடும் கூச்சலில், இந்த மனுஷன் எப்போது தொலைவார் என்று நான் புலம்பாத நாளில்லை. இப்போதோ சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "எப்ப அண்ணே கிளம்புதிய?" என்றேன்.

"போவேல்லன்னு சொல்லியாச்சு. அங்க என்னை அண்ணேன்னு விளிக்க ஆருல உண்டு?"

"அண்ணே, வாங்க அண்ணே, புட்டு திங்கப் போவோம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.