சாமிப்படத்துக்குக் கீழே ஒரு பியர்ப் பெட்டி

பழுதாகிப்போன சாமான்களால் ஒரு வீட்டுக்கு வரும் கேடு குறைவு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைப் பார்த்து, 'இதை இன்னும் கொஞ்சம் நல்லாக்கலாமே' என்று நினைக்கிற ஓர் ஆள் வீட்டுக்குள் இருந்தால்தான் கேடு. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். (என் கணவர் இவர் இதை வாசித்தால் 'இப்பவாவது ஒத்துக்கொண்டாளே' என்பார். சொல்லட்டும்.)

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் குடியிருந்தோம். இவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. எனக்கு சேர்க்கிற் போர்ட் பூட்டும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கப் பச்சைப் பலகைகளில் பொடிப்பொடிச் சாமான்களை ஈயம் உருக்கி ஒட்டுவேன். அந்தப் பலகைகள் எந்த மெஷினுக்குள் போய் என்ன செய்கின்றன என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. ஆனாலும் ஈயம் உருக்கத் தெரிந்தவளுக்கு மின்சாரமும் தெரியும் என்று நான் மனதார நம்பினேன்.

இவரோடு வேலை செய்த மரியோ என்ற இத்தாலியர் வீட்டு பேஸ்மெண்டில் பியர் காய்ச்சுகிறவர். ஒருநாள் இவரிடமும் ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி, முளைவிட்ட பார்லியில் காய்ச்சிய மோல்ட் பாகு ஒரு டின், ஒரு பக்கெற் ஈஸ்ட் எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டார். வாளியின் மூடியில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று இருந்தது. உள்ளே புளிக்கும்போது வருகிற காற்று அதன் வழியாக 'ப்ளுக், ப்ளுக்' என்று வெளியேறும். இவர் ஒன்றும் பெரிய குடிகாரர் இல்லை. கலியாண வீட்டில் ஒரு பியரை வாங்கி, அது சூடாகும்வரை கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ரகம். ஆனால் சும்மா கிடைத்த வாளியை விட மனம் வரவில்லை.

முதலாவது பியரில் நெயில் பொலிஷ் துடைக்கிற தண்ணீரின் மணம் அடித்தது. சூடு கூடிவிட்டது, இருபது பாகை செல்சியஸைத் தாண்ட விடாதே என்று மரியோ சொன்னாராம். எங்கள் கட்டடத்தில் அது நடக்கிற காரியமா? குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் கையில் இல்லை, கீழே இருக்கிற பொயிலரின் விருப்பம். ஜன்னலைச் சாத்தினால் வெளியே பனி கொட்டக் கொட்ட உள்ளே வேர்க்கும். திறந்தால் கால் விறைக்கும்.

"பிரிட்ஜுக்குள்ளை வைச்சால் என்ன?" என்று இவர் கேட்டார்.

"அது கூடக் குளிர். ஈஸ்ட் நித்திரையாப் போயிடும். பொறுங்கோ, நான் ஒரு பெட்டி செய்து தாறன்."

கேட்டது யார்? ஒருவரும் கேட்கவில்லை.

குப்பை எடுக்கிற நாளில் தெருவோரம் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த சின்ன பிரிட்ஜ் ஒன்றைக் கடையில் சாமான் தள்ளுகிற வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தோம். வாளி உள்ளே போகவில்லை. கதவின் உட்பக்கத் தட்டுகளைப் பாண் வெட்டுகிற கத்தியால் அறுத்து எறிந்தேன். அதற்குப் பிறகு கதவு ஒழுங்காக மூடவில்லை, பிளாஸ்டிக் ஒட்டு ரேப் ஒட்டினேன். வயர் விடுவதற்குக் கதவில் ஓர் ஓட்டை போட்டேன். சுவரில் பூட்டுகிற தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி வந்து இரண்டு வயர்களை இணைத்தேன். உள்ளே சூடு கூடினால் தெர்மோஸ்டாட் பிரிட்ஜை ஓட விடும். குளிர் கூடினால் உள்ளே இருக்கிற பல்பை எரிய விடும். இரண்டு வயர், இரண்டு வேலை, அவ்வளவுதான்.

பெட்டி வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் ஒருவரும் இதை நம்புவதில்லை. அடுத்த பியரை மரியோவே குடித்துவிட்டுத் தலையாட்டினாராம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில் யாராவது 'குளிர் எப்படி' என்று கேட்டால்கூட நான் பெட்டியின் கதையைத் தொடங்கிவிடுவேன். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்துக் கதிரைகள் காலியாகத் தொடங்கியதை அந்த நாளில் நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது தடவை பாகு கரைத்து, ஈஸ்ட் போட்டு, வாளியைப் பெட்டிக்குள் வைத்த அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. இழுபட்டுக்கொண்டிருந்த மாமியின் விசா கிடைத்துவிட்டது. ரிக்கெற்றும் போட்டாயிற்று. நாளைக்கு மாமி வந்து இறங்குகிறார்.

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அம்மா. என்னை அதுவரை கண்டதில்லை. நாங்கள் இங்கே ஆங்கில வகுப்பில் சந்தித்து, இங்கேயே கலியாணம் முடித்தவர்கள். மாமி ஊரில் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னபோது "சந்தோஷமா இருங்கோ" என்றார். அத்துடன் போன் நின்றது. லைன் அறுந்ததா, மாமி வைத்தாரா என்பதை நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதற்கு மேல், 'என்ரை பிள்ளை ஒரு துளி தொடமாட்டான்' என்பது மாமி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த பெருமை. வீட்டுக்குள் வாளி நிறையப் பியரைக் கண்டால் பழி யார் தலையில் விழும்? கனடாவில் கண்டுபிடித்த பெண்ணின் தலையில்தான். எனக்கு அந்த மனுசியின் மனதில் ஓர் இடம் வேண்டும் என்று ஆசை இருந்தது. பயமும் இருந்தது.

"ஊத்திப்போடுவம் மாலா," என்றார் இவர் அழாக்குறையாக.

புத்தியுள்ள பேச்சு. நான்தான் விடவில்லை. என் பெட்டி, என் வயர், என் தெர்மோஸ்டாட். ஸ்ரோர் அறைக்குள் வைக்கலாம் என்றால் அங்கே பிளக் இல்லை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியை ஹோலின் கிழக்கு மூலைக்கு நகர்த்தி, என் கலியாணக் கூறைச்சேலையை மடித்து அதன்மேல் விரித்து, பிள்ளையாரையும் முருகனையும் லட்சுமியையும் மேலே வைத்துவிட்டால்? சாமிப்படத்துக்குக் கீழே கைவிட்டு யார் துழாவப் போகிறார்கள்?

(ஒருவரும் துழாவமாட்டார்கள்தான். ஆனால் வருகிறவர் காலையும் மாலையும் அதற்கு முன்னால்தான் உட்காருவார் என்பது என் மண்டையில் ஏறவில்லை.)

நகர்த்துவதற்காக வயர்களைக் கழற்றினேன். எயார்போர்ட்டுக்கு நேரமாகிறது என்று இவர் வாசலில் சப்பாத்தோடு நின்று துடிக்க, அவசர அவசரமாகத் திருப்பிப் பூட்டினேன்.

மாமி சின்ன உருவம். பெரிய கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. வீட்டுக்குள் வந்ததும் மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். குளிர் என்று நினைத்தேன். மூலையைப் பார்த்தார்.

"சாமிக்கு நல்ல இடம் குடுத்திருக்கிறாய் பிள்ளை," என்றார். முகம் கழுவி, திருநீறு பூசி, பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து தேவாரம் பாடத் தொடங்கினார்.

'ப்ளுக்' என்றது பெட்டி.

மாமி நிறுத்தினார். பிள்ளையாரைப் பார்த்தார்.

"அது ஹீற்றர் சத்தம் மாமி," என்றேன்.

"ஓம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு மாமி அடுத்த அடியைப் பாடினார். பெட்டி மறுபடி 'ப்ளுக்' என்றது. இவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் கீழ் மாடியிலிருந்து பரமேஸ் அன்ரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாமியைப் பார்க்க வந்தார். எங்கள் கட்டடத்துக்குத் தனியாக வானொலி தேவையில்லை, பரமேஸ் அன்ரி போதும். ஒன்பதாம் மாடியில் பால் திரைந்தால் பதினைந்தாம் மாடியில் துக்கம் விசாரிப்பார்கள்.

"என்ன மாலா, சாமிக்குக் கீழை லைற்றெல்லாம் போட்டிருக்கிறாய். நல்ல வடிவு," என்றார் அன்ரி.

நான் அப்போதுதான் பார்த்தேன். கதவின் ஓட்டை வழியாக வந்த பல்பு வெளிச்சத்தில் கூறைச்சேலையின் சரிகை தங்கமாக மினுங்கியது. காலையிலும் அது மினுங்கியதைக் கண்டிருந்தேன். 'பல்பு எரியுது, பெட்டி நல்லா வேலை செய்யுது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். வீடு வேர்க்கிற வேர்வையில் பல்பு எதற்கு எரிய வேண்டும் என்று ஈயம் உருக்குகிற மேதைக்குத் தோன்றவில்லை.

மாமி விளக்கேற்றினார். (கற்பூரம் இல்லை. புகை அலாரம் அடித்தால் கட்டடமே படியால் இறங்க வேண்டும்.) மாமி பாட, அன்ரியும் சேர்ந்து பாடினார். இவர் பின்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பெட்டி இப்போது நிறுத்தாமல் பேசியது. ப்ளுக் ப்ளுக் ப்ளுக் என்று பாட்டுக்குத் தாளம் போட்டது. பிறகு திடீரென்று மௌனமானது.

கும்பிடுகிற சாட்டில் குனிந்து பெட்டியின் பக்கத்தைத் தொட்டேன். சுட்டது. அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் இரண்டு வயரையும் மாறிப் பூட்டியிருந்தேன். சூடு கூடக் கூடப் பல்பு எரிந்திருக்கிறது. நேற்றிலிருந்து எரிந்திருக்கிறது. உள்ளே ஈஸ்ட் பொங்கிப் பொங்கி, நுரை மேலேறிக் குழாயையும் அடைத்துவிட்டது. நான் பிளக்கைத் தேடிக் கையை நீட்டினேன்.

'டொப்' என்று ஒரு சத்தம். வாளியின் மூடி பறந்து கதவைத் தள்ள, நான் ஒட்டிய ரேப் விட்டுக்கொடுத்தது. கூறைச்சேலை முன்னால் உப்பியது. மாமி ஒரு கையில் பிள்ளையாரையும் மறு கையில் முருகனையும் பிடித்துக்கொண்டார். நான் விளக்கைப் பிடித்தேன். லட்சுமி தானாகவே வாழைப்பழச் சீப்பின்மேல் பத்திரமாகச் சாய்ந்தார். சேலைக்குக் கீழிருந்து மண்ணிற நுரை புறப்பட்டு, கார்ப்பெட்டில் மெதுவாக ஊர்ந்து, பரமேஸ் அன்ரியின் காலடியில் போய் நின்றது. இவர் கும்பிட்ட கையை எடுக்கவுமில்லை, மூடிய கண்ணைத் திறக்கவுமில்லை.

அன்ரி மூக்கைச் சுருக்கினார். "என்ன பிள்ளை உது? பியர் மணக்குது."

கட்டடம் முழுவதும் இதைப் பேசிச் சிரிப்பது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. மாமி அடுத்த பிளேனில் திரும்பிப் போவதும் தெரிந்தது.

"பியரோ?" என்றார் மாமி, பிள்ளையாரைக் கீழே வைக்காமலே. "உது அப்பத்துக்கு."

"அப்பத்துக்கோ?"

"பின்னை? கள்ளு விடாமல் அப்ப மா புளிக்குமே? கனடாவிலை கள்ளுக்கு எங்கை போறது? எனக்கு அப்பமெண்டால் விருப்பம் எண்டு அறிஞ்சு, பிள்ளை ஈஸ்ட் போட்டு நுரைக்க வைச்சிருக்கிறாள். சுத்தமா இருக்கட்டும் எண்டு சாமிக்குக் கீழை வைச்சவள். நான் வந்த சந்தோஷத்திலை பாவம், பார்க்க மறந்திட்டாள். நீர் நாளைக்கு வாரும், அப்பம் சுட்டுத் தாறன்."

ஊரில் குடியை வாசற்படி ஏற விடாத வீடுகளிலும் அப்பமாவுக்கு என்று கொஞ்சம் கள்ளு வாங்குவார்கள். அதை யாரும் கள்ளாகக் கணக்கெடுப்பதில்லை. பரமேஸ் அன்ரிக்கும் அது தெரியும். அவர் காலைத் துடைத்துக்கொண்டு, "கெட்டிக்காரி மருமகள் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமி, அது அப்பத்துக்கில்லை."

"தெரியும். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அப்பத்துக்குக் கள்ளு வாங்கினவள் நான். இந்த வீட்டுக்குள்ளை கால் வைச்ச உடனையே மணந்தது."

"அப்ப ஏன் அன்ரியிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஆரோ ஒருத்திக்கு முன்னாலை என்ரை மருமகள் தலைகுனிஞ்சு நிக்கிறதோ? கேக்கிறதெண்டால் நான் கேப்பன்." பிறகு கேட்கவும் செய்தார். "ஆர் செய்தது உந்தப் பெட்டி?"

இவருடைய சுட்டுவிரல் அவ்வளவு வேகமாக என் பக்கம் நீண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணும் அப்போதுதான் திறந்தது.

"அது எனக்குத் தெரியும்," என்றார் மாமி. "நீ சைக்கிளுக்குக் காத்தடிக்கவும் ஆள் தேடுறவன்." பிறகு கையில் இருந்த பிள்ளையாரைத் துடைத்தபடி, "குடிக்கிறதெண்டால் என்னட்டைச் சொல்லிப்போட்டுக் குடி. சாமியைக் காவலுக்கு வைக்காதை," என்றார். இவர் அன்றோடு பியரை விட்டுவிட்டார். அம்மாவிடம் அனுமதி கேட்டுக் குடிக்கிற பியரில் ஒரு ருசியும் இல்லையாம்.

வாளியில் மிஞ்சியிருந்த நுரையை மாமி ஒரு சட்டியில் வழித்தெடுத்து அரிசிமாவில் விட்டார். விடியற்காலையில் மா சட்டியைத் தாண்டி நின்றது. அப்பம் ஓரத்தில் முறுகி, நடுவில் பஞ்சாக வந்தது. கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கைப்பு. பரமேஸ் அன்ரி அந்தக் கைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அடுத்த கிழமை தொடங்கி ஒவ்வொரு மாடியிலிருந்தும் பெண்கள் என் பெட்டிக்குள் மாவைப் புளிக்க வைக்க மாச்சட்டியோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். நான் வயரைச் சரியாகப் பூட்டிக் கொடுத்தேன். மாமி இரண்டு தரம் பார்த்த பிறகுதான் பிளக்கைப் போட விட்டார். பியர்ப் பெட்டி அப்பப் பெட்டியானது. கார்ப்பெட்டில் விழுந்த கறை, நாங்கள் வோபர்னில் வீடு வாங்கிப் போகும்வரை அங்கேயே இருந்தது. அதன்மேல்தான் மாமி பாய் போட்டுத் தேவாரம் பாடுவார்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் ஒருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். போன கிழமை மைக்ரோவேவின் கதவு சரியாக மூடவில்லை என்று எடுத்தேன். இவர் எழும்பிப் போய்ப் பிள்ளையாரைத் தூக்கினார். மகள் முருகனைத் தூக்கினாள். மாமி மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

"எதுக்கும் கொஞ்சம் அரிசி ஊறப்போடுங்கோ," என்றார்.