எதுவுமே வராத நாடு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுசாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை, பல்செட் கட்டுகிறவர். ஆனால் அவர் அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் வாயில் அச்சு எடுக்கிற மாவு நிறைந்திருந்தது. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. தெருவில் நடந்துவரும்போது யோசிப்பேன். எங்கேயோ கணக்கு இடிக்கும். எங்கே என்றுதான் பிடிபடாது. கோளாறு அவர் கதையிலா, என் புத்தியிலா என்று குழம்பியபடியே வீடு வந்து சேர்வேன். சரி, அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

பல்செட்காரரின் மனைவிக்குப் பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் இடம் கிடைத்தது. பொருளாதாரப் பட்டப்படிப்பு. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு, நாற்பதைத் தாண்டிய பிறகு திரும்பி வந்திருந்தது. அவளுடைய அண்ணன் விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, தினமும் சாயங்காலம் வகுப்பாமே. ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

மச்சினர் முன்னால் இறங்கிப்போக எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்? பல்செட்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவ படிக்கட்டும்! சாயங்காலத்துல இந்த வீடு என் பொறுப்பு!"

"நிஜமாவாங்க?" என்றாள் மனைவி.

"நான் என்னிக்கு பேச்சு மாறியிருக்கேன்?"

"நான் சாட்சி," என்றார் மச்சினர்.

முதல் நாள் சாயங்காலமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது. கடையைப் பூட்டியதும் அவருடைய கால்கள் பழக்கதோஷத்தில் மருந்துக்கடைப் பக்கம் திரும்பின. அந்தக் கடையின் பின்னறையில்தான் தினமும் சீட்டுக் கச்சேரி. அங்கே சீட்டுக் கலைக்கிற சத்தம் அவருக்குச் சங்கீதம். இங்கே தொட்டி நிறையப் பாத்திரம்.

கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால், நன்றாகச் செய்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே! மாட்டேன் என்று சொன்னால்தானே தப்பு? எனக்கு இந்த வேலையே வரவில்லை என்றால்? வராத ஆளை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்? ரெண்டு வாரத்தில் அவளே புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. பால் பொங்கியது, பொங்கிப் பொங்கி அடுப்புக்கு வெள்ளையடித்தது. அவளுடைய வெள்ளைச் சட்டை அவருடைய சிவப்புத் துண்டோடு ஒரே வாளியில் ஊறி, வெளியே வரும்போது வெட்கப்பட்ட மணப்பெண் மாதிரி இருந்தது. பீன்ஸ் நறுக்கினால் ஒரு துண்டு பென்சில், ஒரு துண்டு ரப்பர். தினமும் தட்டு உடைந்தது. சும்மா இல்லை, அதற்கும் தொழில்திறமை வேண்டும். தற்செயலாக நழுவின மாதிரி நழுவ வேண்டும். காலில் விழக்கூடாது. முக்கியமாக, விலை குறைந்த தட்டாக இருக்க வேண்டும். ஒரு கடைவாய்ப்பல்லைப் பள்ளம் மேடு மாறாமல் செதுக்கும்போதுகூட அவர் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"எனக்கு வரலையேம்மா!" என்பார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"பரவாயில்லைங்க. பழகினா வந்துடும்."

வரவில்லை. வரவிடுவாரா? அவள் அடுப்பைத் தேய்க்க ஒரு நாள், சட்டையைத் துவைக்க ஒரு நாள் என்று வகுப்பை விட ஆரம்பித்தாள். வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அன்று அவள் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பல்செட்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தான் சமைத்ததைச் சாப்பிட்டதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஜெயம் கிட்டத்தில் வந்துவிட்டது.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு நம்ம வீட்டுக்குன்னே எழுதின மாதிரி ஒரு பாடம்."

"நம்ம வீட்டுக்கா?"

"ரெண்டு நாடு. ஒரு நாட்டுக்கு எல்லா வேலையும் நல்லா வரும். இன்னொரு நாட்டுக்கு எதுவுமே வராது."

"ஐயோ பாவம், அந்த நாடு!" சொந்த ஊரைப் பற்றிக் கேட்ட மாதிரி உருகினார்.

"இப்போ யார் எந்த வேலையைச் செய்யணும்? சொல்லுங்க பாப்போம்."

"இதுக்கெல்லாம் ஒரு பட்டமா? எல்லாத்தையும் கெட்டிக்கார நாடே செய்யட்டும். வராத நாடு ஓரமா உக்காந்து கைதட்டட்டும்!"

"நானும் அதைத்தான் சொன்னேன். பேராசிரியர் சிரிச்சுட்டார்."

"ஏன் சிரிக்கணும்?"

"யாருக்கு நல்லா வருதுங்கிறது கேள்வியே இல்லையாம். அந்த வேலைக்காக யார் எதை விட்டுக்கொடுக்கறாங்க, அதுதான் கேள்வியாம்."

பல்செட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"சாயங்காலம் நான் சமைச்சா எனக்கு என்ன போகும்?" அவளே பதிலும் சொன்னாள். "வகுப்பு போகும். அப்புறம் பரீட்சை. அப்புறம் பட்டம். சரி, நீங்க சமைச்சா உங்களுக்கு என்ன போகும்?"

"நல்லா கேட்டே! அந்த நேரத்துல ரெண்டு பல்செட் கட்டுவேன்!"

"கடையைத்தான் அதுக்கு முன்னாடியே பூட்டிடறீங்களே?"

"அது... உழைச்ச உடம்பு. ஓய்வு வேண்டாமா?"

"மருந்துக்கடை பின்னறையிலயா?"

"சீட்டும் ஒரு ஓய்வுதான்! அதுக்கெல்லாம் விலை போட முடியாது!"

"போட்டுட்டாங்களே. உங்க தயவுலதான் புது மின்விசிறி வாங்கினோம்னு மருந்துக்கடை வீட்டம்மா சொன்னாங்க. அப்போ நீங்க சமைச்சா உங்களுக்கு எதுவும் போகலை. லாபம்தான்."

பல்செட்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"எல்லாம் சரி, எனக்குத்தான் வரலையே! பால் பாத்தே. சட்டை பாத்தே. தட்டு பாத்தே..."

"அதாங்க பாடத்தோட அழகே! எவ்வளவு மோசமா வருதுங்கிறதைப் பத்தி அது கவலைப்படவே இல்லை. வீட்டுல இருக்கற தட்டு மொத்தமும் உடைச்சாலும் விடை இதேதான்." அவள் எழுந்தாள். "உங்க கைக்கு என்ன ராசியோ, உடையறதெல்லாம் மலிவான தட்டாவே பாத்து உடையுது."

சீட்டில்கூட அவர் இப்படித் தோற்றதில்லை.

மறுநாள் அவர் நிஜமாகவே சமைத்தார். கெடுத்துச் செய்வதைவிட ஒழுங்காகச் செய்வது எவ்வளவோ சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பீன்ஸ் துண்டுகள் முன்வரிசைப் பற்கள் மாதிரி ஒரே அளவில் விழுந்தன. அவள் அதன்பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை. பரீட்சை எழுதினாள். பட்டமும் வாங்கினாள். அன்று விருந்துக்கு வந்த மச்சினர், "மாப்ளே, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது!" என்று விரலைச் சூப்பினாராம்.

இந்த இடத்தில் பல்செட்காரர் கதையை நிறுத்திவிடுவார். "இன்னிவரைக்கும் நம்ம கைதான்!" என்கிற குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். உடனே, "கொப்புளிங்க" என்பார்.

போன மாதம் என்னுடைய புதுப் பல்செட் தயாரானது. "மென்னு பாத்தாத்தான் தெரியும், வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். சாயங்காலம் போனேன். கூடத்தில் அந்த அம்மாள் காற்று வாங்கியபடி, காலை நீட்டிக்கொண்டு வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர். தலையைத் திருப்பாமலே, "என்னங்க, உப்பு பாத்துப் போடுங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தார். உள்ளே பல்செட்காரர் தோளில் துண்டோடு, நெற்றி வியர்க்கக் கிண்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடமாக இடித்த இடம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. என் வாயிலும் அன்று மாவு இல்லை. அடுப்படிக்குப் போய், கூடத்துக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்:

"அம்மா பட்டம் வாங்கித்தான் பல வருஷம் ஆச்சே, இப்போ சாயங்காலத்துல வகுப்பும் இல்லை, அப்புறம் ஏங்க இன்னும் நீங்களே சமைக்கறீங்க?"